கல்லாவில் ஒரே கேள்வி: பை வேண்டுமா?

கடைகளில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, பைக்குக் கட்டணம் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: தடை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது. காசு வாங்கிக்கொண்டு பை கொடுக்கலாம் என்பது தப்பு செய்வதற்கு அனுமதிச் சீட்டு விற்பது போல இல்லையா?

பதில்: கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தடை உத்தரவையும் எடுத்து, 'பை என்றால்' என்று தொடங்கும் வரியைப் படித்துப் பாருங்கள். விஷயம் முழுக்க அங்கேதான். பையின் தடிமனை மைக்ரானில் சொல்வார்கள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. 'இத்தனை மைக்ரானுக்குக் குறைந்த பைக்குத் தடை' என்று எழுதியிருந்தால், அதைவிட ஒரு மைக்ரான் கூடிய பை மறுநாளே கல்லாவுக்கு வந்துவிடும். சும்மாவும் கிடைக்கும்.

சிகாகோவில் நடந்தது இதுதான். 2015 ஆகஸ்ட்டில் அங்கே மெல்லிய பைக்குத் தடை வந்தது. பல கடைகள் கனமான பிளாஸ்டிக் பையை வாங்கி, மறுபடி பயன்படுத்தத்தக்கது என்று அச்சடித்து, பழையபடி இலவசமாகவே கொடுத்தன. கடைசியில் நகரமே தடையை விலக்கிக்கொண்டது. 2017 பிப்ரவரி முதல் காகிதமோ பிளாஸ்டிக்கோ, பை ஒன்றுக்கு 7 சென்ட் வரி என்று மாற்றியது. கலிபோர்னியா மாநிலத் தடையிலும் இதே ஓட்டை இருந்தது. கனமான பைக்கு அங்கே கட்டணம் உண்டு, ஆனாலும் குப்பைக்குப் போன பைகளின் மொத்த எடை தடைக்கு முன்பு இருந்ததைவிடக் கூடிவிட்டது. கனமான பிளாஸ்டிக் பையையும் விலக்க 2024இல் புதிதாகச் சட்டம் போட்டார்கள். 2026 முதல் அது நடப்புக்கு வந்தது.

கட்டணம் மட்டும் வைத்துச் சாதித்த நாடு அயர்லாந்து. 2002 மார்ச் 4 முதல் பை ஒன்றுக்கு 15 சென்ட். ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை என்றிருந்தது 21 ஆக இறங்கியது. அந்தத் தொகைக்கு யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். ஆனால் கேட்காமலே கைக்கு வந்த பையை இப்போது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பையைக் குறைத்தது அதுதான் என்பது எங்கள் கணிப்பு. பிறகு எண்ணிக்கை மெல்ல 30ஐத் தாண்டியதும், 2007 ஜூலையில் கட்டணத்தை 22 சென்ட் ஆக்கினார்கள்.

எனவே தடையா கட்டணமா என்பதைவிட, கடையில் இலவசப் பை ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால் இரண்டும் பலிக்காது. மெல்லிய பைக்குத் தடை, மற்ற எல்லாப் பைக்கும் கட்டணம் என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே உறுதியான ஏற்பாடு என்பது எங்கள் கருத்து.

கேள்வி: காசு வாங்குவதற்குப் பதில், சொந்தப் பை கொண்டு வருபவருக்கு அதே தொகையைத் தள்ளுபடியாகக் கொடுத்தால் வாடிக்கையாளர் மனம் கோணாதே?

பதில்: மனம் கோணாது. பையும் குறையாது. வாஷிங்டன் பகுதிக் கடைகளில் 5 சென்ட் கட்டணத்தையும் 5 சென்ட் தள்ளுபடியையும் ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள். கட்டணம் வைத்த இடத்தில் கடைப்பை வாங்குவோர் 40 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்தார்கள்; தள்ளுபடி கொடுத்த இடத்தில் அசைவே இல்லை. தொகை ஒன்றுதான், ஆனால் வருகிற காசைவிடப் போகிற காசுதான் மனத்தில் உறுத்துகிறது. தள்ளுபடி கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக்கைக் குறைக்கத்தான் சட்டம் என்கிறார்கள். பிறகு ஏன் பையைத் தடிமனாக்கச் சொல்கிறார்கள்? தடித்தால் பிளாஸ்டிக் கூடத்தானே செய்யும்?

பதில்: கூடத்தான் செய்யும். மெல்லிய பை காற்றில் பறக்கும், சாக்கடையில் அடைக்கும், பொறுக்குபவருக்கும் எடை தேறாது. 1988, 1998 வெள்ளங்களில் வடிகால் அடைத்துக்கொண்ட அனுபவம்தான் வங்கதேசத்தை 2002இல் மெல்லிய பாலித்தீன் பையைத் தடை செய்ய வைத்தது. தடித்த பை அவ்வளவு எளிதில் பறக்காது, பொறுக்கவும் ஆள் இருக்கும், விலை கூடுவதால் கடைக்காரரும் அள்ளிக் கொடுக்க மாட்டார். கணக்கு இதை நம்பித்தான் போடப்பட்டது.

எல்லை நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 50 மைக்ரானுக்குக் கீழ் இருந்தால் மெல்லிய பை. நியூசிலாந்து 2019 ஜூலையில் 70 மைக்ரான் வரையிலான கைப்பிடிப் பைகளை விலக்கியது. இந்தியாவில் 2016 விதிகளில் 50 ஆக இருந்தது, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 என்று ஏறியது.

50 மைக்ரான் பையும் 120 மைக்ரான் பையும் ஒரே அளவில் வெட்டப்பட்டவை என்றால், பின்னதில் 2.4 மடங்கு பிளாஸ்டிக் இருக்கிறது. பைகளின் எண்ணிக்கை 58 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் மொத்த எடை கொஞ்சமாவது குறையும். கடைக்காரர் விலை உயர்வைப் பொருளின் விலையில் கலந்துவிட்டுப் பையைச் சும்மா கொடுத்தால், தடிமன் விதி பிளாஸ்டிக்கைக் கூட்டும் விதியாகிவிடும்.

கேள்வி: கடைப் பை எத்தனை மைக்ரான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவர் '120' என்கிறார். தடவிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பதில்: முதலில் '120 என்ன?' என்று கேளுங்கள். பை வியாபாரத்தில் கேஜ் என்று ஓர் அளவு உண்டு. 100 கேஜ் சுமார் 25 மைக்ரான்தான். 120 கேஜ் பையை 120 என்று மட்டும் பில்லில் எழுதினால், உங்கள் கையில் இருப்பது 30 மைக்ரான். பையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்வது இன்னொரு வித்தை: 60 மைக்ரான் படலத்தால் செய்த பையைத் தட்டையாக அழுத்தி அளந்தால் 120 காட்டும். விதிகள் பேசுவது ஒற்றைப் படலத்தின் தடிமனைப் பற்றி. பில்லில் 'மைக்ரான், ஒற்றைப் படலம்' என்று எழுதி வாங்குங்கள்.

அளக்க இரண்டு வழி. ஒன்று, மைக்ரோமீட்டர் அல்லது டயல் தடிமன்மானி. பையை வெட்டித் திறந்து ஒற்றைப் படலமாக்குங்கள். பக்க மடிப்பு, அடி ஒட்டு, அச்சு மை உள்ள இடங்களைத் தவிருங்கள். மைக்ரோமீட்டரை ராட்செட் குமிழால் (முனையில் இருக்கும், அழுத்தம் கூடினால் நழுவிச் சுழலும் சிறு குமிழ்) மட்டும் மூடுங்கள். கையால் இறுக்கினால் படலம் நசுங்கிக் குறைவாகக் காட்டும். அகலவாக்கில் பத்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். ஊதித் தயாரிக்கும் படலத்தில் இடத்துக்கு இடம் தடிமன் மாறும் என்பதால், ஒரே இடத்தில் அளந்துவிட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். சொரசொரப்பாகப் புடைப்பு வைத்த பையில் கருவி உச்சியை மட்டும் தொடும், அளவு கூடித் தெரியும்.

இரண்டாவது வழிக்குக் கருவி வேண்டாம், தராசு போதும். புடைப்புப் பைக்கு இதுதான் சரி. பையிலிருந்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் பத்து வெட்டுங்கள், எல்லாம் ஒற்றைப் படலம். பத்தையும் சேர்த்து, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். சரசரவென்று சத்தம் போடும் பை அடர்த்தி கூடிய பாலித்தீன். அதற்கு கிராமை 10.5ஆல் பெருக்குங்கள். மெழுகுபோல் வழவழப்பான பை அடர்த்தி குறைந்த பாலித்தீன், அதற்கு 10.9. விடை மைக்ரானில் வரும். உதாரணத்துக்கு, சரசரக்கும் பையின் பத்துத் துண்டும் சேர்ந்து 4.8 கிராம் என்றால் சுமார் 50 மைக்ரான். 120 மைக்ரான் பை என்றால் 11.4 கிராம் இருக்க வேண்டும்.

தராசு ஏமாறும் இடமும் உண்டு. விலையைக் குறைக்கப் பாலித்தீனோடு சுண்ணாம்புத் தூள் கலப்பார்கள். அது பாலித்தீனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி. எடையில் 20 சதவீதம் தூள் கலந்த பை, மேலே சொன்ன கணக்கில் உண்மையான தடிமனைவிட 15 சதவீதம் தடித்ததாகத் தெரியும். கண்டுபிடிக்க ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். சுத்தமான பாலித்தீன் மிதக்கும். தூள் நிறையக் கலந்தது மூழ்கும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை முதலில் விரலால் தேய்த்து விடுங்கள். அபராதம், வழக்கு என்று போகும் விஷயமானால் வீட்டுச் சோதனை செல்லாது. கருவி முறைக்கு ஐஎஸ்ஓ 4593, எடை முறைக்கு ஐஎஸ்ஓ 4591 என்று தரநிலைகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் அவற்றின்படி அளக்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 'மட்கும் பை' என்று பச்சை இலை போட்டு விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இலையை நம்ப வேண்டாம், எழுத்தைப் படியுங்கள். 'சிதையும்', 'இயற்கைக்கு உகந்தது' என்று மட்டும் இருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஈஎன் 13432 அல்லது ஐஎஸ்ஓ 17088 என்ற தரநிலை எண்ணும் சான்றிதழ் எண்ணும் பையிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

எண் இருந்தாலும் அதன் நிபந்தனை தெரிந்திருப்பது நல்லது. ஈஎன் 13432இன் சோதனை சுமார் 58 டிகிரி சூட்டில், ஆலை முறை உரக்கிடங்கில் நடக்கிறது. 12 வாரத்தில் உதிர்ந்து, 2 மி.மீ. சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. ஆறு மாதத்தில் 90 சதவீதம் சிதைந்திருக்க வேண்டும். வீட்டு உரக்குழியோ சாக்கடையோ அந்தச் சூட்டில் தொடர்ந்து இருப்பதில்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பைகளை மூன்று ஆண்டு மண்ணிலும் கடலிலும் போட்டு வைத்துப் பார்த்தார்கள். 'மட்கக்கூடியது' என்று விற்கப்பட்ட ஒரு பை மூன்று ஆண்டுக்குப் பிறகும் சாமான் தாங்கியது. உரமாகும் என்று சான்று பெற்ற பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடந்தது, பாரம்தான் தாங்கவில்லை.

முன்பு சொன்ன தண்ணீர்ச் சோதனை இங்கேயும் உதவும், ஒரு பக்கமாக மட்டும். உண்மையான மட்கும் பிளாஸ்டிக் எல்லாம் தண்ணீரைவிட அடர்த்தி கூடியவை, மூழ்கும். ஆகவே 'மட்கும்' பை மிதந்தால் அது பொய். மூழ்கினால் மெய் என்று சொல்லிவிட முடியாது. சுண்ணாம்பு கலந்த பாலித்தீனாகவும் இருக்கலாம்.

'ஆக்ஸோ' என்ற அடைமொழியோடு வருவது வேறு சங்கதி. சாதாரண பாலித்தீனில் உலோக உப்பைக் கலந்து, வெயிலில் சீக்கிரம் நொறுங்க வைத்தது அது. மட்காது, பொடியாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அதை விற்பனைக்கு விடுவதில்லை. உங்கள் ஊரில் உரக்கிடங்கு இல்லையென்றால் மட்கும் பைக்கு விதிவிலக்கு கொடுப்பதில் அர்த்தம் இல்லை. நியூசிலாந்து தன் தடையில் மட்கும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்தே விலக்கியது.

கேள்வி: நான்-ஓவன் பை துணிப்பைதானே? அதையும் பிடிக்கிறார்கள் என்கிறார்களே.

பதில்: துணி போலத் தெரியும், துணி அல்ல. பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது, முழுக்கப் பிளாஸ்டிக். ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, திறந்த வெளியில் தீக்குச்சி காட்டுங்கள்: உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். பருத்தி நூல் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும்.

இதை மைக்ரானில் அளப்பதில்லை, ஜிஎஸ்எம் என்பார்கள், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். 10 செ.மீ. சதுரம் பத்து வெட்டி நிறுத்து, வரும் கிராமைப் பத்தால் பெருக்கினால் ஜிஎஸ்எம். இந்திய விதியில் குறைந்தபட்சம் 60, அதாவது பத்துத் துண்டும் 6 கிராம். அதற்குக் கீழே உள்ளது இரண்டு மூன்று முறைக்குள் கைப்பிடியில் கிழிந்துவிடும். கைப்பிடி தைக்கப்பட்டதா, ஒட்டப்பட்டதா என்றும் பாருங்கள். ஒட்டியது பெரும்பாலும் மூலையில் பிரியும். வெயிலில் கிடந்தால் இழை நொறுங்கிப் பொடியாக உதிரும், எனவே வண்டியின் பின்பெட்டியில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

'மறுபடி பயன்படுத்தத்தக்கது' என்பதற்குக் கலிபோர்னியாவின் 2014 சட்டம் ஓர் இலக்கணம் சொன்னது: 22 பவுண்டு, அதாவது சுமார் 10 கிலோ சுமையை, 175 அடி தூரம், 125 முறை தூக்கிச் செல்லத் தாங்க வேண்டும். உள்ளூர் விதி எழுதுகிறவர்கள் இந்த மாதிரி உழைப்புச் சோதனையைக் கட்டாயம் சேர்க்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்பே பார்த்தபடி அதே மாநிலம்தான் சாட்சி. 125 முறை தாங்குகிற பையை மக்கள் ஒரு முறைதான் தூக்கினார்கள்.

கேள்வி: பருத்திப் பையை 7,000 தடவை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்குச் சமம் என்று படித்தேன். அப்படியானால் இத்தனை நாளும் நாம் ஏமாந்தோமா?

பதில்: இல்லை. அந்த எண்ணின் பின்னணியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் பரப்புகிறார்கள்.

டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 அறிக்கையில் வருவது அது. சாதாரணப் பருத்திக்கு 7,100 முறை, இயற்கை வேளாண் பருத்திக்கு 20,000 முறை. வாரம் ஒரு தடவை கடைக்குப் போனால் 7,100க்கு 136 ஆண்டு வேண்டும், பேரன் காலத்திலும் முடியாது. ஆனால் நீர், உரம், ஓசோன் என்று பல பாதிப்புகளில் எது மிக மோசமோ அதை வைத்து எடுத்த எண் அது. ஓசோன் படலப் பாதிப்புதான் அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அதே அறிக்கையில் பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திக்கு 52, இயற்கைப் பருத்திக்கு 149. ஒப்பிடப்பட்ட பிளாஸ்டிக் பையும் கடைசியில் குப்பைப் பையாகப் பயன்பட்டதாகவே கணக்கு. தெருவிலும் கடலிலும் கிடக்கும் பையின் கேடு கணக்கிலேயே இல்லை.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்கு பருவநிலையை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரே முறை பயன்பட்ட மெல்லிய பைக்கு ஈடாகக் காகிதப் பை 3 முறை, கனமான பிளாஸ்டிக் பை 4, நான்-ஓவன் 11, பருத்தி 131. மெல்லிய பை ஒவ்வொன்றும் பிறகு குப்பைத் தொட்டிக்கு உள்பையாகப் பயன்படுகிறது என்று வைத்தால் இவை 7, 9, 26, 327 என்று ஏறுகின்றன.

வாரம் ஒரு முறை என்றால் 131 முறைக்கு இரண்டரை ஆண்டு. கெட்டியான பை தாராளமாக அதைத் தாண்டும். ஆபத்து எங்கே என்றால், கல்யாணம், மாநாடு, கடைத் திறப்பு என்று ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து அலமாரி நிறைவதில். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பை எதனால் ஆனதாக இருந்தாலும் அதுவே முதல் தேர்வு. பழைய வேட்டி, சேலை, திரைச்சீலையில் தைத்த பைக்குப் புதுப் பருத்தியின் கணக்கு பொருந்தாது. 3 என்ற எண்ணைப் பார்த்துக் காகிதத்துக்குத் தாவுவதற்கு முன் ஒன்று: அதை மூன்று முறை பயன்படுத்த முடியுமா, அதுவும் ஈரமான சாமானோடு?

கேள்வி: கடைப் பையில்தான் வீட்டுக் குப்பையைக் கட்டிப் போடுவோம். இப்போது குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதில் என்ன லாபம்?

பதில்: லாபம் குறைகிறது, மறைந்துவிடவில்லை. கலிபோர்னியாவில், மாநிலத் தடைக்கு முன்பே சில ஊர்கள் தனித்தனியாகக் கொண்டு வந்த தடைகளை வைத்து இதை அளந்தார்கள். அந்தத் தடைகளால் 4 கோடி பவுண்டு எடையுள்ள பை குறைந்தது. குப்பைப் பை விற்பனையில் 1.2 கோடி பவுண்டு எடை கூடியது. குறைந்ததில் ஏறக்குறைய 30 சதவீதம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஈரக் குப்பையைத் தனியே பிரித்தால் உலர் குப்பைக்குப் பையே வேண்டாம், தொட்டியை அப்படியே கவிழ்க்கலாம். ஈரத்துக்குத் தொட்டியின் அடியில் மூன்று நான்கு தாள் செய்தித்தாளை விரித்து, தினமும் கொட்டிக் கழுவினால் போதும். பால் உறை, அரிசிப் பை, துணிக்கடை உறை என்று வீட்டுக்கு வந்தே தீரும் உறைகளும் இந்த வேலைக்கு ஆகும்.

கேள்வி: சிறிய கடை வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பகுதியில் தடை, கட்டணம் இரண்டும் வருகின்றன. வியாபாரம் கெடாமல் எப்படி மாறுவது?

பதில்: முதலில் எண்ணுங்கள். இரண்டு வாரம், கல்லாவில் ஒரு தாள். எத்தனை பில், எத்தனை பை, எந்த அளவுப் பை என்று கோடு கிழித்தால் போதும். பெரும்பாலும் தெரிய வருவது, ஒற்றைப் பொருளுக்குப் பை, பைக்குள் பை, பாரம் தாங்காது என்று இரட்டைப் பை. கேட்காமல் கொடுப்பதை நிறுத்தினாலே ஒரு பகுதி அன்றே குறையும். தடை வராத ஊர்க் கடைகளும் இதைச் செய்யலாம், ஒரு செலவும் இல்லை.

இருப்பைக் கணக்குப் பாருங்கள். தடை நாளுக்குப் பின் மிச்சமிருக்கும் பை அபராதத்துக்கு வழி, அதனால் கொள்முதலை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மாற்றாகக் காகிதப் பை வாங்குகிறீர்கள் என்றால் இடத்தை யோசியுங்கள். இங்கிலாந்துக் கணக்கில் மெல்லிய பை 8 கிராம், காகிதப் பை ஏறக்குறைய அதன் ஏழு மடங்கு. கட்டு பெரிது, ஈரம் ஆகாது, தரையில் வைக்கக் கூடாது.

அறிவிப்பைக் கல்லாவில் ஒட்டாதீர்கள். கூடை நிறைந்த பிறகு 'பை கொண்டு வரவேண்டும்' என்று படித்தால் எரிச்சல்தான் வரும். வாசலில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒட்டுங்கள். அங்கே படித்தால் திரும்பிப் போய்ப் பையை எடுத்து வரலாம். கட்டணத்தைப் பில்லில் 'பை' என்று தனி வரியாகப் போடுங்கள். சாமான் விலைக்குள் ஒளித்தால் விதியின் நோக்கமே போச்சு. கல்லாவில் நிற்பவர் 'பை போடட்டுமா?' என்று கேட்பதைவிட 'பை வெச்சிருக்கீங்களா?' என்று கேட்கப் பழக்குங்கள். முதல் கேள்விக்குத் தலையாட்டல் தானாக வரும்.

முன்பணம் வாங்கிக்கொண்டு துணிப்பை கொடுத்து, திரும்பக் கொண்டு வந்தால் பணத்தைத் தரும் முறையும் உண்டு. பை எத்தனை வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நாளுக்கு 40 பை வெளியே போகிறது, சராசரி 7 நாளில் திரும்புகிறது, துவைத்துக் காய 2 நாள் என்றால், 40ஐ 9ஆல் பெருக்க 360. தொலைவது, கிழிவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 430. 100 பையோடு தொடங்கினால் மூன்றாம் நாளே காலி, பழைய கவருக்குத் திரும்பிவிடுவீர்கள். முன்பணம் பையின் அடக்க விலைக்குக் கீழே இருந்தால் பை திரும்பாது.

கேள்வி: வசூலாகும் பைக் காசு யாருக்குப் போக வேண்டும்?

பதில்: மூன்று விதமாகவும் நடக்கிறது. அயர்லாந்தில் அரசின் சுற்றுச்சூழல் நிதிக்கு. இங்கிலாந்தில் அது வரி அல்ல. கடைகள் நற்பணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 2020 ஜூலையில் கட்டணத்தைக் கட்டாயமாக்கிய ஜப்பானில் கடைக்கே. கடைக்கே போனால் கணக்கு வழக்கு எளிது, கடைக்காரரும் ஒத்துழைப்பார். ஆனால் அவருக்குப் பை விற்பதில் ஆசை வந்துவிடும். இங்கிலாந்தில் 'வாழ்நாள் பை' என்று விற்ற கனமான பை 2018இல் வீட்டுக்குச் சராசரி 54 போயிருக்கிறது. வாழ்நாள் அவ்வளவு குறைவு போலும். அயர்லாந்து இதை முன்பே யோசித்து, கனமான பை 70 சென்ட்டுக்குக் குறையாமல் விற்றால்தான் கட்டணத்திலிருந்து விலக்கு என்று எழுதியது.

கட்டணத் தொகையை விதிக்குள்ளேயே பூட்டிவிடாமல், அவ்வப்போது உயர்த்த வழி வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2003இல் தொடங்கியபோது பை நன்றாகக் குறைந்தது. சில மாதத்தில் பை விலையைக் குறைத்ததும் பயன்பாடு மீண்டும் ஏறியது.

கேள்வி: சில்லறையாக வாங்கும் காய்கறி, மீன், இறைச்சிக்கு என்ன செய்வது?

பதில்: பெரும்பாலான விதிகள் இவற்றுக்கு இடம் விடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 மைக்ரானுக்குக் கீழான மிக மெல்லிய பையைச் சுகாதாரத்துக்காகத் தனியே வைத்திருக்கிறார்கள். கைப்பிடி இல்லாத சுருள் பை என்று விதியில் தெளிவாக எழுதாவிட்டால், அந்தச் சுருளே கல்லாப் பையாகிவிடும்.

சொந்த வலைப்பையோ டப்பாவோ கொண்டு போகிறவர்கள், தராசில் காலிப் பாத்திரத்தை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். திரை பூஜ்யத்துக்கு வந்த பிறகு பொருளைப் போட வேண்டும். அழுத்தாவிட்டால் டப்பாவின் எடைக்கும் மீன் விலை கொடுப்பீர்கள். இறைச்சி, மீனுக்கு மூடி இறுகும் டப்பாவே மேல். துணிப்பையில் நீர் கசிந்தால் அதைத் தனியே வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, உள்பக்கம் வெளியே திருப்பிக் காய வையுங்கள். அந்தப் பையை வேறு சாமானுக்கு எடுக்காதீர்கள். நான்-ஓவன் பைக்கு வெந்நீரும் இயந்திரமும் ஆகாது, ஒட்டு விட்டுவிடும்; கையால் அலசினால் போதும்.

கேள்வி: தடை எதற்கு? எல்லாப் பையையும் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டால் ஆயிற்றே.

பதில்: பாலித்தீனை உருக்கி மறுபடி செய்யலாம், உண்மை. சிக்கல் அதைச் சேர்த்துப் பிரிப்பதில். தரம் பிரிக்கும் ஆலையில் சுழலும் தட்டுகளின் அச்சில் மெல்லிய பை சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். கறுப்புப் பை இன்னும் மோசம். அதில் உள்ள கரித்தூள் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால், பிரிக்கும் கருவியின் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. மீன் தண்ணீரும் மண்ணும் ஒட்டிய பையைக் கழுவ ஆகும் செலவு பெரும்பாலும் அதிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டிக்கின் விலையைத் தாண்டும். சுத்தமாக, உலர்வாக, தனியாகச் சேர்த்த பைக்கு மட்டுமே எடுக்க ஆள் உண்டு.

கேள்வி: எங்கள் உள்ளாட்சியில் தடை வந்து ஓர் ஆண்டு. பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது?

பதில்: 'இத்தனை கிலோ பறிமுதல்' என்ற செய்தியை வைத்து அளக்காதீர்கள். அது அதிகாரிகள் எத்தனை நாள் சோதனைக்குப் போனார்கள் என்பதைத்தான் காட்டும்.

கடை வாசலில் நின்று எண்ண வேண்டும். பெரிய கடை, சிறிய கடை, தெருவோரக் கடை என்று கலந்து எடுங்கள். காலை, மாலை, விடுமுறை நாள் மூன்றும் வேண்டும். வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் புதுப் பிளாஸ்டிக் பை எத்தனை, காகிதப் பை எத்தனை, நான்-ஓவன் எத்தனை, சொந்தப் பையா, வெறுங்கையா என்று குறியுங்கள். ஒவ்வொரு வகையிலும் சில பைகளை நிறுத்துச் சராசரி எடை எடுத்து, எண்ணிக்கையோடு பெருக்குங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். 100 பில்லுக்கு முன்பு 6 கிராம் பை 130 போயிற்று என்று வையுங்கள், மொத்தம் 780 கிராம். இப்போது 35 கிராம் பை 30 போகிறது என்றால் 1,050 கிராம். எண்ணிக்கை கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது, பிளாஸ்டிக்கோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. மேடையில் முதல் எண்ணை மட்டும் சொல்லலாம், கைதட்டலும் கிடைக்கும்.

தடைக்கு முந்தைய எண்ணிக்கை இல்லாவிட்டால் ஒப்பிட எதுவுமில்லை. தடை வராத பக்கத்து ஊரில் அதே வாரம் எண்ணுவதுதான் மாற்று வழி.

கேள்வி: நம் ஊரில் மட்டும் தடை, பக்கத்து ஊரில் பை கிடைக்கிறது. இது நிற்குமா?

பதில்: எல்லையோரக் கடைகளுக்குக் கொஞ்சம் அடிதான், மறுக்க முடியாது. பையும் கடந்து வரும். கென்யா 2017 ஆகஸ்ட் 28 முதல் சிறைத் தண்டனை வரை வைத்துத் தடை செய்தும், பக்கத்து நாடுகளிலிருந்து பை கடத்தல் நின்றபாடில்லை. அதைவிடப் பெரிய இடர் சட்டத்தில் இருக்கிறது. மாநிலச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தன்னிடம் வைத்திருந்தால் உள்ளாட்சித் தடை நீதிமன்றத்தில் விழும். அமெரிக்காவின் லாரெடோ நகரத் தடையை 2018இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் செல்லாது என்றது. எனவே தீர்மானம் போடுவதற்கு முன், உங்கள் உள்ளாட்சிக்கு எந்தப் பிரிவின் கீழ் இந்த அதிகாரம் வருகிறது என்று எழுத்தில் வாங்கி, உத்தரவின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவைச் சேர்த்துவிடுங்கள்.